நாலு டொலர் சின்னக் காசு இல்லை



கனடாவில் அகதிக் கோரிக்கை வைத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் பாமசியில் மருந்து எடுக்கும்போது ஒவ்வொரு மருந்துச் சீட்டுக்கும் 4 டொலர் கட்ட வேண்டும் என்று மத்திய அரசு முடிவெடுத்திருக்கு. பல் வைத்தியம், கண்ணாடி போன்றவற்றுக்குச் செலவில் 30 வீதம். 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தார்கள், 2026 மே 1ஐ நடைமுறை நாளாக வைத்தார்கள். அதுவரைக்கும் இடைக்கால மத்திய சுகாதாரத் திட்டம் இந்தச் செலவை முழுசாக ஏற்றது.

இதைப் பற்றிக் கதைக்கிறபோது எங்கட ஆக்களிட்ட நான் அதிகம் கேட்ட பதில், "நாலு டொலர் தானே, ஒரு கோப்பிக் காசு." அகதியாக வந்து இறங்கி, இன்று மார்க்கத்தில் நாலு அறை வீடு வைத்திருக்கிறவர்களும் சொல்லுகினம். முற்போக்கு என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்களும் சொல்லுகினம். இந்தக் கடிதம் அந்தப் பதிலுக்கு எதிரானது.

நான் ஸ்காபரோவில் ஒரு பாமசிக் கவுண்டரில் ஏழு வருஷமாக நிற்கிறேன். மருந்தாளர் இல்லை, உதவியாளர். சீட்டை வாங்கிக் கணினியில் ஏற்றி, "இவ்வளவு வருது" என்று தொகையைச் சொல்லுற ஆள். டொக்டர் சீட்டு எழுதும் இடத்தில் விலை தெரியாது. அரசாங்கம் சட்டம் எழுதும் இடத்தில் முகம் தெரியாது. விலையும் முகமும் சந்திக்கிற இடம் எங்கட கவுண்டர்தான்.

ஒரு வருத்தம், ஐந்து சீட்டு

சீனி வருத்தம் என்றால் ஒரு குளிசை என்று நினைக்கலாம். அப்படி இல்லை. மெட்போமின் ஒன்று. அது மட்டும் காணாதபோது இரண்டாவது குளிசை. நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து கூட என்பதால் கொலஸ்ட்ரோல் குளிசை ஒன்று. இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகத்தைக் காப்பாற்றவும் இன்னொன்று. சில வருஷம் போக இன்சுலின். இன்சுலின் வந்தால் ஊசிமுனை, சீனி பார்க்கிற ஸ்ட்ரிப்.

ஐந்து சீட்டுக்கு 4 டொலர்ப்படி மாதம் 20 டொலர், வருஷம் 240. ஒன்ராறியோவின் அடிப்படைச் சம்பளம் மணிக்கு 17.60. ஏஜென்சி மூலம் பொதி கட்டுற பக்டரிக்குப் போகிற ஒருவர் மாதத்தில் ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் இந்தக் கட்டணத்துக்காகவே நிற்க வேண்டும். கணவன் மனைவி இருவருக்கும் சீனி என்றால் இரட்டிப்பு. அந்த வருத்தம் ஒரு மாதத்தில் முடியாது. சாகும்வரைக்கும் வரும்.

காசு முட்டும்போது ஆக்கள் என்ன செய்வினம்? கவுண்டரில் நிற்கிற எவருக்கும் தெரியும். "தங்கச்சி, இதில எது முக்கியம்? அதை மட்டும் தா" என்று கேட்பினம். அநேகமாக விட்டுவிட்டுப் போவது கொலஸ்ட்ரோல் குளிசையையும் அழுத்தக் குளிசையையும். ஏனெண்டால் அவற்றை விட்டால் நாளைக்கு ஒண்டும் நோகாது. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிசை போடுகிறவர்கள் இருக்கினம். ஒரே ஊசிமுனையைப் பல நாள் குத்துகிறவர்கள் இருக்கினம். ஸ்ட்ரிப் விலை என்பதால் சீனியையே பார்க்காமல், கால் விறைக்குதா தாகம் எடுக்குதா என்று குறி பார்த்து நடக்கிறவர்கள் இருக்கினம். ஊருக்குப் போய் வாறவையிட்ட மெட்போமின் சொல்லிவிடுகிறவர்களும் இருக்கினம். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ வாங்கின குளிசை சூட்கேஸில் கனடாவுக்கு வருகுது. பணக்கார நாடு என்று நாங்கள் சொல்லுற நாட்டுக்கு.

கால் போனால் இலவசம்

கனடாவில் வைத்தியம் இலவசம் என்று ஊரில் பெருமையாகச் சொல்லுகிறோம். பாதி உண்மை. 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டம், டொக்டரிடமும் ஆஸ்பத்திரியிலும் நோயாளியிடம் கட்டணம் வாங்கும் மாகாணத்துக்கு மத்திய அரசின் காசை வெட்டச் சொல்கிறது. கட்டணம் வைத்தால் வருத்தக்காரர், அதிலும் காசில்லாத வருத்தக்காரர், வராமல் விடுவார் என்று இந்த நாடு அன்றே ஒத்துக்கொண்டது. ஆனால் அந்தச் சட்டம் பாமசி வாசலில் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தால் இன்சுலின் இலவசம். வீட்டுக்கு வந்தால் காசு.

இதன் விளைவைப் பாருங்கோ. ஒன்ராறியோவில் நீரிழிவால் சிறுநீரகம் செயலிழந்தால் வாரத்துக்கு மூன்று தரம் டயாலிசிஸ், ஆயுள் முழுக்க, நோயாளிக்குச் செலவில்லை. காலில் புண் புரையோடினால் அறுவைச் சிகிச்சை செய்து காலை எடுப்பதற்குச் செலவில்லை. அந்தச் சிறுநீரகத்தையும் காலையும் காப்பாற்றியிருக்கக்கூடிய குளிசைக்குக் காசு. கால் போன பிறகு போடும் செயற்கைக் காலுக்கு மாகாணத் திட்டம் 75 வீதம் தரும், மிச்சம் 25 வீதம் கால் போனவர் தலையில்.

நோயாளியின் "பங்களிப்பு" என்று இதற்குப் பெயர். பங்களிப்பு என்றால் விரும்பிக் கொடுப்பது. இது வாசலில் நின்று வாங்கும் சுங்கம்.

யார் எவ்வளவு கட்டுகினம்

4 டொலர் அகதிகளின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஒன்ராறியோவில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சுங்கம் இருக்கு. வாசிக்கிற உங்களில் பலருக்கு இது சொந்த வீட்டுக் கணக்கு.

24 வயது வரைக்கும், தனியார் காப்புறுதி இல்லாவிட்டால், மருந்து மாகாணச் செலவில். 25ஆவது பிறந்தநாள் அன்று அது நின்றுபோகும். முதலாம் வகை நீரிழிவோடு பிறகும் ஐம்பது வருஷம் வாழப்போகிற பிள்ளைக்கு அரசாங்கம் தருகிற பிறந்தநாள் பரிசு அது.

சமூக உதவியிலோ மாற்றுத்திறனாளி உதவியிலோ இருப்பவர்களுக்குச் சீட்டுக்கு 2 டொலர் வரை. 65 வயதுக்குப் பிறகு, மிகக் குறைந்த வருமானம் என்றால் அதே 2 டொலர், அதற்கு மேல் என்றால் வருஷத்தில் முதல் 100 டொலரும் பிறகு சீட்டுக்கு 6.11 வரையும்.

நடுவில் விழுந்து கிடக்கிறவர்கள்தான் எங்கட அம்மா அப்பாமார். 25க்கும் 64க்கும் இடையில், காப்புறுதி தராத வேலையில் இருப்பவர்கள். துப்புரவு வேலை, பேக்கரி, ஏஜென்சி, ஊபர், கையில் காசு வாங்கும் சமையல் வேலை. இவர்களுக்கு ட்ரில்லியம் என்ற திட்டம் இருக்கு. ஆனால் குடும்ப வருமானத்தில் ஏறக்குறைய 4 வீதத்தை முதலில் மருந்துக்குச் செலவழித்த பிறகுதான் அது கதவைத் திறக்கும். வருமானம் 40,000 டொலர் என்றால் வருஷம் சுமார் 1,600. அதை நாலாகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு 400.

இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கு. ஒருவரின் மருந்துச் செலவு மாதம் 90 டொலர் என்று வைப்போம். மூன்று மாதத்தில் 270. 400ஐத் தொடவே இல்லை. ஆகவே அவர் திட்டத்தில் சேர்ந்தும் எல்லாக் காசையும் கையால் கட்டுவார். அவருக்கு ஒரு சதம் கிடைக்காது. செலவைத் தாங்க முடியாமல் குளிசையைப் பாதியாகக் குறைத்தால், அந்த எல்லையை இன்னும் தொட மாட்டார். மருந்தைக் குறைக்கிறவரைத் திட்டம் தண்டிக்குது.

வேலைத்தளக் காப்புறுதி உள்ளவர்களுக்கும் பல திட்டங்களில் 20 வீதம் கையால்தான். வேலை போனால் காப்புறுதியும் போகும். வருத்தம் கூடி வேலைக்குப் போக முடியாத அன்றே மருந்தும் விலையாகும். முதலாளியிடம் வாய் திறக்கப் பயப்படுகிற ஒரு தொழிலாளிக்கு இன்சுலினும் ஒரு காரணம் என்றால், அது முதலாளிக்கு எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கோ.

லண்டன் தோழர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். இங்கிலாந்தில் ஒரு சீட்டுக்கு 9.90 பவுண் என்றாலும், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் விலக்குச் சான்றிதழ் வாங்கினால் எந்த மருந்துக்கும் கட்டணமில்லை. வேல்ஸ் 2007இலும், வட அயர்லாந்து 2010இலும், ஸ்கொட்லாந்து 2011இலும் எல்லோருக்குமே மருந்துச் சீட்டுக் கட்டணத்தை எடுத்துவிட்டன. எங்கட பெற்றோர் விட்டுவந்த இலங்கையில்கூட அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் வரிசையில் நின்றால் நீரிழிவுக் குளிசையைக் காசில்லாமல்தான் தருவினம். 2022 நெருக்கடியில் மருந்து தட்டுப்பட்டது உண்மை. இல்லாத மருந்தை வெளியில் வாங்கச் சொன்னதும் உண்மை. ஆனால் இருக்கிற மருந்தை வைத்துக்கொண்டு வாசலில் சுங்கம் கேட்கவில்லை.

கியூபெக்கில் நடந்தது

கட்டணம் வைத்தால் தேவையில்லாத மருந்து குறையும், தேவையானது குறையாது என்பது பொருளியல்காரர் சொல்லுற நியாயம். இதைப் பரிசோதித்துப் பார்த்தாயிற்று, பல தரம்.

அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் 1970களில் தொடங்கி 1982 வரை ஆயிரக்கணக்கான ஆட்களை வெவ்வேறு காப்புறுதிகளில் போட்டுப் பார்த்தது. கட்டணம் வைத்தால் வைத்தியச் செலவு குறைந்தது. இதை எல்லா வலதுசாரிகளும் மேற்கோள் காட்டுவினம். அதே ஆய்வில், குறைந்தது தேவையில்லாத வைத்தியம் மட்டுமில்லை, தேவையானதும் அதே அளவில் குறைந்தது என்றும், ஏழைகளில் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இலவச வைத்தியம் நன்மை செய்தது என்றும் வந்ததை அவ்வளவாகச் சொல்ல மாட்டினம்.

கியூபெக் இன்னும் கிட்ட. 1996இல் அந்த மாகாணம் முதியோரிடமும் சமூக உதவி பெறுவோரிடமும் மருந்துச் செலவில் ஒரு பங்கை வாங்கத் தொடங்கியது. சமூக உதவி பெறுவோருக்கு அதுவரை மருந்து இலவசம். மக்கில் பல்கலைக்கழகத்தின் ரொபின் டாம்ப்ளின் தலைமையிலான குழு 2001இல் விளைவை வெளியிட்டது. இன்சுலின், இரத்த அழுத்த மருந்து போன்ற அத்தியாவசிய மருந்துகளின் பாவனை முதியோரில் 9 வீதமும் சமூக உதவி பெறுவோரில் 14 வீதமும் விழுந்தது. அந்த மருந்துக் குறைப்போடு தொடர்பான ஆஸ்பத்திரி அனுமதி, மரணம் போன்ற பாரதூரமான சம்பவங்கள் இரண்டு கூட்டத்திலும் ஏறக்குறைய இரட்டிப்பாகின. பிறகு கியூபெக்கே சமூக உதவி பெறுவோருக்கு அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டது. எடுக்கும்வரைக்கும் போனவர்கள் போனவர்கள்தான்.

ஒன்ராறியோவிலும் ஒரு ஆய்வு, 2012இல் வந்தது. நீரிழிவு உள்ள ஆறு இலட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். 65 வயதுக்குக் கீழே, அதாவது பொது மருந்துத் திட்டம் இல்லாத வயதில், மிக ஏழைகளுக்கு மரணமோ மாரடைப்போ பக்கவாதமோ வரும் ஆபத்து பணக்காரரைவிட 51 வீதம் கூட. 65க்கு மேலே, மருந்து கிடைக்கத் தொடங்கின பிறகு, அந்த இடைவெளி 12 வீதம். 65இல் பென்ஷனும் வருகுது தானே என்று கேட்கலாம். சரியான கேள்வி. அந்த இடைவெளி முழுவதும் மருந்தால் மட்டும் குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வயது ஏற ஏற ஏழைக்கு ஆபத்து கூடும் என்றுதான் எதிர்பார்ப்போம். பொது மருந்தும் பொதுப் பென்ஷனும் வரும் வயதில் இடைவெளி சுருங்குது என்பது எங்கட பக்க வாதம்தான், எதிர்ப் பக்க வாதம் இல்லை.

எதிர்த்தரப்பு கையில் வைத்திருக்கும் ஒரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன், விவாதத்தில் திடீரென்று எடுத்து அடிப்பினம். அல்பேர்ட்டாவில் குறைந்த வருமானமுள்ள, இதய ஆபத்துக் கூடிய 4,700க்கு மேற்பட்ட முதியோரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு மூன்று வருஷம் மருந்துக் கட்டணத்தை முழுசாக நீக்கினார்கள். 2023இல் முடிவு வந்தது. மரணமோ மாரடைப்போ ஆஸ்பத்திரி அனுமதியோ குறையவில்லை.

இதற்கு என்ன பதில்? அந்த முதியோருக்கு ஏற்கனவே மாகாணத் திட்டம் இருந்தது. செலவில் 30 வீதம்தான் கட்டினார்கள், அதுவும் சீட்டுக்கு 25 டொலருக்கு மேல் போகாது. முதியோர் பென்ஷன் மாதாமாதம் வருகிறவர்கள். கதவு முக்கால்வாசி திறந்த வீட்டில் மிச்சத்தையும் திறந்து பார்த்தார்கள். கியூபெக்கில் நடந்தது எதிர்மாறு. திறந்திருந்த கதவை, மாகாணத்தின் மிக ஏழைகளின் முகத்தில் சாத்தினார்கள். இன்று அகதிகளுக்கு வரும் 4 டொலர் எந்த ரகம்? இலவசமாக இருந்ததற்கு, நிலையான வருமானம் இல்லாதவர்களிடம், புதுசாகக் கட்டணம். அது கியூபெக் ரகம்.

அல்பேர்ட்டா சொல்லித்தருவது இன்னொன்றும் இருக்கு. குளிசை இலவசமானால் மட்டும் எல்லாம் சரிவராது. இரவு ஷிப்ட், பேஸ்மென்ட் வாடகை, சமைக்க நேரமில்லாத வாழ்க்கை எல்லாம் அப்படியே இருக்கும்போது ஒரு குளிசை எவ்வளவு தாங்கும்? ஆகவே எங்கட கோரிக்கை மருந்தோடு நிற்கக் கூடாது. மருந்தில் தொடங்கக் கூடாது என்று அதற்கு அர்த்தமில்லை.

"சோத்தைக் குறையுங்கோ"

"இலவசமாகக் குடுத்தால் சனம் அள்ளிக்கொண்டு போகும்" என்பது அடுத்த வாதம். காசு கட்டினால்தான் பொறுப்பு வருமாம். ஆசைக்கு இன்சுலின் குத்திக்கொண்ட ஆளை நான் ஏழு வருஷத்தில் ஒருக்காலும் காணவில்லை. மெட்போமின் வயிற்றைக் குழப்பும் குளிசை. அதை யாரும் ருசிக்கு வாங்குவதில்லை. டொக்டர் எழுதினால்தான் சீட்டு. சீட்டு எழுதுவது டொக்டர், விலை வைப்பது கம்பனி, பொறுப்பு மட்டும் நோயாளிக்கா?

இதே வாதத்தின் தமிழ்ப் பதிப்பு ஒன்று எங்கட சமூகத்தில் இருக்கு. அது இன்னும் இனிப்பாக இருக்கும். கோயில் மண்டபத்தில் சுகாதார முகாம் வைப்பினம். விரலில் குத்திச் சீனி பார்ப்பினம். "அம்மா, சோத்தைக் குறையுங்கோ, குரக்கன் புட்டுச் சாப்பிடுங்கோ, பாவற்காய்ச் சாறு குடியுங்கோ, நடவுங்கோ" என்று துண்டுப்பிரசுரம் கொடுப்பினம். பிழையான புத்திமதி என்று நான் சொல்லவில்லை. தெற்காசியருக்கு இளவயதிலேயே, உடம்பு பெருக்காமலே நீரிழிவு வருகுது என்பதும் உண்மை, சாப்பாடு முக்கியம் என்பதும் உண்மை. ஆனால் அந்த மேசையில் இருக்கிற ஒருவர்கூட "அம்மா, எழுதித் தந்த குளிசை எல்லாம் எடுக்க உங்களிட்டக் காசு இருக்கோ?" என்று கேட்டதை நான் காணவில்லை.

கேட்காததால் என்ன நடக்குது? சீனி கூடினால் அது அம்மாவின் வாயின் குற்றம் ஆகுது. அவர் டொக்டரிடம் போய், குளிசை வாங்கக் காசில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, "ஓம் டொக்டர், போடுறன்" என்கிறார். போடுகிறார் என்று நம்பி டொக்டர் அளவைக் கூட்டுகிறார், அல்லது இன்னொரு குளிசையைச் சேர்க்கிறார். சீட்டு நாலு ஐந்தாகுது. கட்டணம் கூடுது. இந்தச் சுழலை வீட்டுக்குள் இருக்கும் வெட்கம்தான் சுற்றவைக்குது. அந்த வெட்கத்தை அரசியலாக மாற்றுவது எங்கட வேலை.

இந்த நகரத்து மருந்து

இதெல்லாம் நடப்பது எந்த நகரத்தில் என்பதையும் மறக்க வேண்டாம். இன்சுலினைக் கண்டுபிடித்தது ரொறன்ரோவில், 1921இல். 1922 ஜனவரியில் ரொறன்ரோ ஜெனரல் ஆஸ்பத்திரியில் 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக ஏற்றினார்கள். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்குப் பெயருக்கு ஒரு டொலருக்குக் கொடுத்தார்கள். ஒரு கம்பனி பிடித்துவைத்து விலை ஏற்றக் கூடாது என்பதற்காக.

பல்கலைக்கழகத்தின் கொனாட் ஆய்வுகூடம் பல பத்து வருஷங்களாக இந்த நகரத்திலேயே இன்சுலின் தயாரித்தது. தனியார் லாபத்துக்கு வேலை செய்யாத நிறுவனம் அது. 1972இல் பல்கலைக்கழகம் அதை விற்றது, 1980களில் அது தனியார் கைக்குப் போனது, இன்று சனோபி கம்பனியின் சொத்து. உலக இன்சுலின் சந்தையின் பெரும் பங்கு இன்று எலி லில்லி, நோவோ நோர்டிஸ்க், சனோபி என்ற மூன்று கம்பனிகளின் கையில். பொதுச் சொத்தாகப் பிறந்த மருந்தை விற்றுவிட்டு, இப்போது அதை வாங்க ஏழையிடம் சுங்கம் கேட்கினம்.

மாற்று வழி இல்லையா? சட்டமே இருக்கு. 2024 ஒக்டோபர் 10இல் மத்திய பாமகெயார் சட்டம் நிறைவேறியது. மாகாணம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் இன்சுலின், மெட்போமின் உட்பட நீரிழிவு மருந்துகள் பலவும் கருத்தடை மருந்துகளும் எல்லோருக்கும் முதல் டொலரிலிருந்தே பொதுச் செலவில். பிரிட்டிஷ் கொலம்பியா, மனிற்றோபா, பிரின்ஸ் எட்வேர்ட் தீவு, யூக்கொன் கையெழுத்திட்டுவிட்டன. கனடாவில் தமிழர் அதிகம் வாழும் மாகாணமான ஒன்ராறியோ இதை எழுதும்வரை கையெழுத்திடவில்லை. ஒரு கையெழுத்துத்தான் குறை.

என்ன செய்யலாம்

2012இலும் இப்படித்தான் தொடங்கினார்கள். ஹார்ப்பர் அரசாங்கம் அகதிகளின் மருந்துக் காப்பை வெட்டியது. இன்சுலின்கூட வெட்டுப்பட்டது. டொக்டர்கள் வெள்ளை அங்கியோடு தெருவில் இறங்கினார்கள், அமைச்சர்களின் கூட்டங்களில் எழும்பிக் கேள்வி கேட்டார்கள், வழக்குப் போட்டார்கள். 2014 ஜூலையில் மத்திய நீதிமன்றம் அந்த வெட்டு கொடூரமானது, அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்புச் சொன்னது. 2016இல் முழுக் காப்பும் திரும்பி வந்தது. சன் சீ கப்பலில் 492 தமிழர் வந்து இறங்கி இரண்டு வருஷத்தில் வந்த வெட்டு அது. அது யாரைக் குறிவைத்த அரசியல் என்று எங்களுக்குத் தெரியும். இந்த முறை முழு வெட்டாக வராமல் 4 டொலராக வந்திருக்கு. சின்னதாக இருந்தால் சத்தம் வராது என்று நினைக்கினம். ஒருமுறை வாசலில் சுங்கப் பெட்டி வைத்தால், பிறகு தொகையை ஏற்றுவது லேசு.

எங்கட கோரிக்கை மூன்று. அகதிகள் மீதான 4 டொலரையும் 30 வீதத்தையும் திரும்பப் பெறு. ஒன்ராறியோ பாமகெயார் ஒப்பந்தத்தில் கையெழுத்திடு. எல்லா அத்தியாவசிய மருந்துக்கும் கட்டணமில்லாத பொதுத் திட்டம் கொண்டுவா, இன்சுலினை மீண்டும் பொதுத்துறையில் தயாரி.

கோரிக்கை வெல்லும்வரைக்கும் அம்மாமார் காத்திருக்க முடியாது. ஆகவே இந்த மாதமே செய்யக்கூடியவை:

முதலாவது, வீட்டில் கேளுங்கோ. "மருந்து போடுறீங்களா" என்று கேட்டால் ஓம் என்றுதான் வரும். "போன மாதம் எந்த மருந்தை எடுக்காமல் விட்டனீங்கள், எவ்வளவு வந்தது" என்று கேளுங்கோ.

இரண்டாவது, விண்ணப்பப் படிவம். ட்ரில்லியம் ஆண்டு ஓகஸ்ட் 1இல் தொடங்கும். மருந்துச் செலவு கூடின குடும்பங்களுக்கு அது உதவும், ஆனால் படிவமும் வருமானக் கடிதங்களும் ஆங்கிலத்தில். உங்களுக்கு அரை மணித்தியால வேலை, அவர்களுக்கு மலை. நீண்டகாலக் குளிசைகளுக்கு மூன்று மாத அளவாகச் சீட்டு எழுதச் சொல்லி டொக்டரிடம் கேட்டால், பாமசி ஒவ்வொரு முறையும் வாங்கும் வழங்கல் கட்டணம் குறையும். அந்தக் கட்டணம் கடைக்குக் கடை வேறு, விசாரியுங்கோ. அந்த 2 டொலரை வாங்காமல் விடுகிற கடைகளும் இருக்கு, அதையும் கேளுங்கோ.

மூன்றாவது, கோயில் திருவிழாவிலும் தெருவிழாவிலும் சுகாதார முகாம் நடந்தால், அதற்குப் பக்கத்தில் எங்கட மேசை ஒன்று வேணும். சீனி பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: காசு காணாமல் எந்த மருந்தையாவது விட்டிருக்கிறீங்களா? பெயர் வேண்டாம், விலாசம் வேண்டாம். பதிலை எண்ணுவோம். பொன்னாடை போர்த்திக்கொள்ள மேடைக்கு வரும் எம்.பி.பி.க்களிடம் அந்த எண்ணிக்கையைக் கொடுத்து, எப்போது கையெழுத்து என்று அதே மேடையில் கேட்போம். தமிழ் வாக்கு வேணும் என்று தமிழில் வணக்கம் சொல்லப் பழகினவர்கள் தமிழில் பதிலும் சொல்லட்டும்.

நாலு டொலர் சின்னக் காசு என்று சொல்லுகிறவர்களோடு நேரம் செலவழியுங்கோ. சின்னக் காசு என்றால் அரசாங்கம் ஏன் அதை வாங்க இவ்வளவு அவசரப்படுது என்று கேளுங்கோ. கோப்பி குடிக்காவிட்டால் ஒருவரின் கால் போகாது என்றும் சொல்லுங்கோ.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கட வீட்டுக் கணக்கோடு வாங்கோ.

தோழமையுடன்,
கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் ஒரு தோழி